என் பெயரில் ஒரு நம்பர் பிளேட்

1

போன மாதம் எங்கள் காரின் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவுக்கு வந்த இந்த இருபத்தோரு வருடங்களில் எனக்கு வந்த கடிதங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பணம் கட்டச் சொல்பவை ஒரு வகை. நான் எதையோ ஜெயித்துவிட்டதாக வாழ்த்திவிட்டு, அதற்காகப் பணம் கட்டச் சொல்பவை இன்னொரு வகை. இது முதல் வகை என்பதால் மரியாதையாக உட்கார்ந்து முழுக்கப் படித்தேன்.

உறைக்குள் ஒரு வண்ணத் துண்டுச்சீட்டும் இருந்தது. ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் நின்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறது. காரின் நம்பர் பிளேட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய பெயர். நீங்களும் இப்படிச் சிரிக்கலாமே என்று கீழே ஒரு வரி.

திருச்சியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் டிஎன் 45 என்றோ 48 என்றோ ஆர்டிஓ ஆபீஸ் கொடுப்பதுதான் நம்பர். அதிகபட்சம் ஃபேன்சி நம்பர் கேட்டு, கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம். இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், ஏழு எழுத்துக்குள் நமக்குப் பிடித்த எதையும் போட்டுக்கொள்ளலாம். கெட்ட வார்த்தை கூடாது. ஏற்கெனவே இன்னொருவர் வைத்திருப்பது கூடாது. அவ்வளவுதான் சட்டம். எதிர்வீட்டுப் பெரியவர் தன் நாயின் பெயரைப் போட்டிருக்கிறார். நாய் போய் நான்கு வருடம் ஆகிறது. தெருவில் பாதிப் பேர் அவரை அந்த நாயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் அந்தத் துண்டுச்சீட்டைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வருகிற மாதிரி ஓர் ஆசை வந்தது. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தின் பெயர் கண்ணன். என் அண்ணன்.

2

என் அப்பா லால்குடிப் பக்கத்தில் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காட்டூருக்கு வந்து ஒரு வேன் வாங்கினார். ஸ்கூல் வேன். காட்டூரில் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, பால்பண்ணை வழியாகக் காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு வருவார். சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். வேன் வாங்கியபோது அண்ணனுக்கு ஒரு வயது. நம் வழக்கப்படி, முன் கண்ணாடியின் மேல்பக்கத்தில், சிவப்பு எழுத்தும் மஞ்சள் நிழலுமாக 'கண்ணன்' என்று பெயின்டரை வைத்து எழுதிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். கண்ணாடியில் இடம் இல்லை.

அதிலிருந்து அது 'கண்ணன் வேன்' ஆனது. அப்பா 'கண்ணன் வேன்காரர்' ஆனார். அம்மாவை மளிகைக் கடையில் 'கண்ணன் வேன் வீட்டம்மா' என்றார்கள். நான் 'கண்ணன் வேன்காரர் பையன்'. அவசரத்தில் பாதிப் பேர் என்னையும் கண்ணன் என்றே கூப்பிட்டார்கள். பாலமுருகன் என்று ஒருவன் காட்டூரில் வசித்தான் என்பதற்கு ரேஷன் கார்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

வேனில் எனக்கு இன்ஜின் மூடிமேல் இடம். உட்கார்ந்தால் சூடு. அண்ணாந்து பார்த்தால் கண்ணாடியில் உட்பக்கத்திலிருந்து இடவலம் புரண்டபடி அண்ணன் பெயர். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அதுதான், அதுவும் வலமிருந்து இடமாக.

ஒருநாள் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "ஏம்ப்பா, என் பேரை ஏன் எழுதல?"

"அது உங்கண்ணன் பேரு இல்லடா. பெருமாள் பேரு. வண்டிக்குச் சாமி பேருதான் வெப்பாங்க."

"பாலமுருகனும் சாமி பேருதானே?"

அப்பா கியரை மாற்றினார். "முருகன் மயில்ல போறவருடா. அவருக்கு எதுக்கு வேனு?"

எனக்கு ஒன்பது வயதானபோது அந்தக் கண்ணாடி உடைந்தது. எப்படி உடைந்தது என்பது பற்றிக் குடும்பத்தில் பல கருத்துகள் உண்டு. கிரிக்கெட் பந்து என்பார்கள். மட்டை யார் கையில் இருந்தது என்றும் சொல்வார்கள். நான் இன்றுவரை மறுத்தே வருகிறேன். எப்படியோ, புதுக் கண்ணாடி போட்டார்கள். இந்த முறை இரண்டு பேர் பெயரையும் எழுதுவதாக அப்பா சத்தியம் செய்தார். பெயின்டரிடம் வண்டியை விட்டுவிட்டு அப்பா டீ குடிக்கப் போனார். நானும் கூடவே போனேன், அதுதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்து பார்த்தால், பெயின்டர் பழக்க தோஷத்தில் 'கண்ணன்' என்று நட்டநடுவில் பெரிதாக எழுதி, இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு முடித்திருந்தார்.

"பழைய மாதிரியே போட்டுட்டேண்ணே. பூ என் கணக்கு," என்றார்.

அப்பா தள்ளி நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அந்தப் பூ இருந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

3

ஆகவே வாசகர்களே, துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது ஏதோ ஆடம்பரத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். வெப்சைட்டில் ஒரு வெற்று நம்பர் பிளேட் படம் இருந்தது. அதில் எழுத்துகளைத் தட்டினால் நம் காரில் எப்படித் தெரியும் என்று காட்டும். பாலு என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அடடா! முழுசாக ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது: இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

இந்த மாநிலத்தில் இன்னொரு பாலு இருக்கிறான்! எனக்கு முன்னால் முந்திக்கொண்டிருக்கிறான்! அவனும் யாருக்கோ தம்பியாகத்தான் இருப்பான். அன்றிலிருந்து இந்திய மளிகைக் கடைப் பார்க்கிங்கில் ஒவ்வொரு காரின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்தபடி நடக்கிறேன். ஒரு அம்மாள் சந்தேகப்பட்டுத் தன் காரைப் பூட்டினார்.

பெயரோடு 45 சேர்த்துப் பார்த்தேன். நம் ஊர் நம்பர். கிடைக்கும் என்று பச்சையில் வந்தது. உடனே குடும்பத்தைக் கூட்டினேன்.

என் மனைவி சுமதி தில்லை நகர்க்காரி. எதையும் மூன்று கேள்வியில் முடித்துவிடுவாள்.

"ஏங்க, நாப்பத்தஞ்சுங்கறது என்ன, உங்க வயசா? அது தாண்டி மூணு வருஷம் ஆச்சே?"

"திருச்சி நம்பர்டி."

"சரி. போன வாரம் உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகாம, கோயில்ல போயி புளியோதரை லைன்ல நின்னீங்க. வாசல்ல கார் நின்னுச்சு. கார்ல உங்க பேரு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அடுத்து மூன்றாவது கேள்வி.

"நேத்து ஹைவேல குறுக்கால பூந்து ஒருத்தரைப் பிரேக் அடிக்க வெச்சீங்களே, அவரு ஹாரன் அடிச்சதோட விட்டாரு. இனிமே பேரைச் சொல்லியே திட்டுவாரு. பரவாயில்லையா?"

பிறகு மகள் நிலா. பதினாறு வயது. அவளோடு நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும் என்பதால் யாரும் திருத்திக்கொள்ளவில்லை. இந்தியாவில் இருப்பவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசச் சொன்னால், போன் சூடாக இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்' என்று இரண்டு சொல்லிவிட்டு என்னிடம் திருப்பித் தருவாள். பள்ளிக்கூடத்தில் அவளை இறக்கிவிடும்போது ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறாள். நம்பர் பிளேட் விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, ப்ளீஸ். சோ க்ரிஞ்ச்." பார்க்கவே கூசுகிறது என்று அர்த்தம்.

"என் பேருதானே, உன் பேரா?"

பெயரோடு அந்தக் கார் வந்தால் தான் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாக ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள். ஒரு தெரு இரண்டு தெரு ஆகும் என்று பயந்திருந்தேன். ஒரேயடியாக முழு ரூட்டும் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. காலையில் அந்தப் பன்னிரண்டு நிமிடக் கார்ப் பயணம்தான் ஒரு நாளில் அவள் என் பக்கத்தில் உட்காருகிற நேரம்.

ஆனாலும் விண்ணப்பத்தைத் தொடர்ந்தேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் மட்டும் அண்ணனும் நானும் சரிபாதி. அடுத்த பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். 'நீங்கள் கேட்கும் சொல்லின் பொருளையும், அதைக் கேட்பதற்கான காரணத்தையும் சுருக்கமாக எழுதவும்.' எழுத ஆரம்பித்தேன். அப்பா, வேன், கண்ணாடி, பெயின்டர், தாமரைப்பூ வரை போனேன். எழுத்து எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று கட்டம் நின்றுவிட்டது. நீங்கள் இப்போது படிப்பதில் பாதி, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு எழுதியதுதான்.

4

புதுப்பிக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கேட்பதற்காகக் கூப்பிடவில்லை. அவன் கொஞ்சம் பொறாமைப்படட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

அப்பா காலமானதும் அண்ணன் வேன் தொழிலை எடுத்துக்கொண்டான். நான் கூப்பிட்டபோது அவனிடம் இரண்டு வேன். ஒன்றில் இன்னமும் 'கண்ணன்'. இன்னொன்றில் அவன் மகள் பெயர்.

"அண்ணே, நான் கார்ல என் பேரை எழுதப் போறேன். கவர்மென்ட்டே நம்பர் பிளேட்ல போட்டுக் குடுக்குது."

"போடேன். யாரு வேணாங்கறா?"

"இல்ல, உனக்கு மட்டும்தான் வண்டியில பேரு இருந்துச்சு. அதான்..."

அண்ணன் சிரித்தான். "டேய், அந்தப் பேரால நான் பட்டபாடு உனக்குத் தெரியுமாடா? வண்டி லேட்டுன்னா அப்பாவை யாரும் கேக்க மாட்டாங்க. ரோட்டுல போற என்னைப் புடிச்சுக்குவாங்க. 'ஏம்ப்பா கண்ணா, எம் புள்ள நேத்து டிபன் டப்பாவை வண்டியில விட்டுட்டான், எங்க?' எனக்கு அப்ப பதிமூணு வயசு. கிளாஸ்ல டீச்சரு, 'கண்ணா, நாளைக்கு வேன் பத்து நிமிஷம் முன்னாடி வரணும்'னு எங்கிட்ட சொல்லும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டடிச்சுட்டு மேட்னி போனேன். டிக்கெட் கிழிக்கிறவரு, 'வேன்காரர் கண்ணன்தானே நீயி'ன்னாரு. படம் முடியறதுக்குள்ள அப்பா வந்துட்டாரு. நீ அதே தியேட்டர்ல எத்தினி படம் பாத்த?"

எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரலும் போதவில்லை.

"உம் பேரு யாருக்கும் தெரியாம இருந்ததாலதான்டா நீ நிம்மதியா ஊர் சுத்தி, நிம்மதியா படிச்சு, அமெரிக்கா போன."

"அதெல்லாம் சரிண்ணே. இருந்தாலும் ஒரு தடவையாவது..."

"ஆசைன்னா எழுதிக்கடா. ஆனா ஒண்ணு கேக்கறேன். அங்க அதை யாரு படிப்பா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபீஸ் போகும்போது முன்னால் போன கார்களின் பிளேட்டுகளைப் பார்த்தேன். ஒருவர் பெயர் மார்க். இன்னொருவருக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். படித்தேன், சிக்னல் விழுந்தது, மறந்துவிட்டேன். மார்க் வராவிட்டால் எனக்கு என்ன? மார்க் லேட்டானால் யார் தவிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் விண்ணப்பத்தை அழிக்க மனம் வரவில்லை. பாதியில் சேமித்து வைத்தேன். வெப்சைட்டும் மூன்று நாளைக்கு ஒரு முறை, 'நீங்கள் இன்னும் முடிக்கவில்லை' என்று மெயில் அனுப்பிக் குத்திக்காட்டியது.

5

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. புது ஸ்கூல் வேன், மஞ்சள் நிறம். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்தில் அண்ணன் வேட்டியில் நிற்கிறான். மூன்றாவது வண்டி. வாங்கப் போவதை என்னிடம் சொல்லவே இல்லை.

முன் கண்ணாடியில், நட்டநடுவில், சிவப்பு எழுத்தும் மஞ்சள் நிழலுமாக: பாலு.

படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், திரும்பப் பெரிதாக்கினேன். சுமதி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அழுறீங்களா?" என்றாள். வெங்காயம் என்றேன். வீட்டில் அன்று பிரெட் டோஸ்ட்.

காலேஜ் குரூப், ஆபீஸ் குரூப், இங்குள்ள தமிழ்ச் சங்கக் குரூப், சுமதி வீட்டுக் குரூப் எல்லாவற்றுக்கும் படத்தை அனுப்பி முடித்த பிறகுதான், சுமதி கீழே விரலை வைத்துக் காட்டினாள். பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. அதன் முன்னால் அமெரிக்காவுக்குரிய கூட்டல் குறியும் 1 என்ற எண்ணும் இருந்தன. என் நம்பர்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே! என் நம்பரைப் போட்டிருக்கே!"

"பேரு போட்டா நம்பர் வேணாமா? படிக்கறவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

"நான் அமெரிக்காவுல இருக்கேண்ணே."

"வாட்ஸ்அப் எல்லா ஊர்லயும் அடிக்கும்டா. எனக்கு வண்டி ஓட்டறப்ப எல்லார் போனும் எடுக்க முடியல. நீ கூப்பிட்டா மட்டும் ஓரங்கட்டி எடுத்துக்கறேன். காலையில ட்ரிப்புக்கு உங்கண்ணி பாத்துக்கறா. அவளுக்குச் சாயங்காலம் டெய்லரிங் கிளாஸ் இருக்கு. சாயங்காலம் இங்க அஞ்சு மணின்னா அங்க காலையில ஏழரைதானே? நீ காபிதானே குடிச்சுட்டு இருப்ப?"

கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன்.

6

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு முதல் போன் வந்தது.

"பாலு வேனா சார்?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறார். எழுந்து நின்றுவிட்டேன். "ஆமாங்கம்மா. பாலுதான் பேசறேன்."

"என்னங்க சார், முதல் நாளே இப்படியா? பாப்பா இன்னும் வரல. எல்.கே.ஜி. படிக்குது. எங்க வருது வண்டி?"

எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். "இதோ வந்துட்டே இருக்கும்மா," என்றேன். அப்பா அம்பது தரம் சொல்லிக் கேட்ட பொய், எனக்கும் தானாக வந்தது. பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, அவன் டிரைவரைக் கூப்பிட்டு, வண்டி பால்பண்ணை நெரிசலில் நிற்பது தெரிந்து, அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் என் காபியில் ஆடை படிந்துவிட்டது. நிலாவுக்கும் ஸ்கூலுக்கு லேட். காரில் போகும்போது, "பாப்பா வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். தமிழில் கேட்டாள் என்பது அவளை இறக்கிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று மதியமே விண்ணப்பத்தைத் திறந்தேன். பழைய நம்பரே போதும் என்ற கட்டத்தில் டிக் அடித்துப் பணத்தைக் கட்டினேன். பாலு 45 என்பது இப்போது காலியாகத்தான் இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த முந்திக்கொண்ட பாலு இதைப் படித்தால், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

போன்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று வருகின்றன. வாட்டர் பாட்டில் தொலைந்தது, ஜன்னல் பக்கம் சீட்டு வேண்டும், நாளைக்குப் பையனுக்குக் காது குத்து, வேன் வர வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் தேரோட்டம் என்றால் எந்த வழியாக வண்டி சுற்றி வரும் என்று இங்கே டோஸ்டரில் பிரெட்டைப் போட்டுக்கொண்டே சொல்கிறேன். ஒரு தாத்தா, "தம்பி, ஒரு எட்டு நேர்ல வந்துட்டுப் போங்க, பேசிக்கலாம்," என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அது சமையலறை மேடையில் கிடந்தது. சுமதி வெளியே போயிருந்தாள். நான் வாயைக் கொப்பளிப்பதற்குள் அடிப்பது நின்றுவிட்டது. நிலாவின் குரல் கேட்டது.

"ஆமா, பாலு வேன்... நீ யாரு?... ஐயோ, சாரி ஆன்ட்டி, நீங்க யாரு?"

குழாயை மூடிவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"பையன் பேரு என்ன?... தருணா? எந்த கிளாஸ்?... நீங்க வெயிட் பண்ணுங்க, நான் கேட்டுட்டு சொல்றேன்." இன்னொரு போனில் கூப்பிடுகிற சத்தம். "பெரியப்பா? நிலா. மூணாவது வேன் எங்க?... ஓகே. ஓகே. திருவானைக்காவல்லயா? சொல்றேன்." திரும்பவும் முதல் போன். "ஆன்ட்டி, வண்டி திருவானைக்காவல் வந்துடுச்சு. டயர் மாத்தறாங்க. தருண் ஓகே. டிரைவர் அங்கிள் அவனுக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்தாரு... இல்ல, நான் ஆபீஸ் இல்ல."

அந்தப் பக்கத்தில் அந்த அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"நான் பாலு பொண்ணு," என்றாள் நிலா.

போனை வைத்துவிட்டு வந்தவள், வாயெல்லாம் நுரையோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பெரிய பொறுப்பில் இருப்பவர்களின் முகம் அது.

"அப்பா, அந்த வண்டியில ஸ்டெப்னி டயரும் சரியில்லையாம். பெரியப்பாகிட்ட பேசு. உன் பேருதானே எழுதியிருக்கு?"

பேசுகிறேன் என்று தலையாட்டினேன்.

"கார்ல பேசலாம். லேட் ஆகுது. வா."